பாலசுந்தரத்தின் தலைப்பாகையும் அஞ்சலகத்தின் மூன்றாம் வாயிலும்

இனவெறி, நிறவெறி என்னும் இரு சொற்கள் தமிழில் இன்று பெருவழக்காய் உள்ளன. இவற்றுள் 'வெறி' என்னும் பகுதி ஆராயத்தக்கது. பண்டை வழக்கில் வெறி என்பது வேலன் முருகேறி ஆடும் ஆட்டத்தைக் குறித்தது. கள்ளின் மயக்கத்தையும் குறித்தது. பிற்காலத்து எல்லைகடந்த சினத்திற்கும் பற்றிற்கும் பெயராயிற்று. அறிவு தன்வயம் இழந்த நிலையே இவை அனைத்தினும் ஊடுருவி நிற்கும் பொருள். ஆதலின் இனவெறி என்றவுடன் தீவைப்பும் கொலையும் கூச்சலுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. ஆயின், ஒரு மக்களைப் பிறப்பினாலே தாழ்ந்தோர் எனக் கொள்ளும் கருத்து, தன் பணியில் பெரும்பகுதியை வெறி சிறிதுமின்றியே செய்து முடிக்கின்றது. ஓர் அலுவலகத்தின் வாயில், ஒரு விளிப்பெயர், தலையினின்றும் கைக்கு மாறும் ஒரு துண்டு என்பனபோன்ற சிறியவற்றில் அது அமைதியாகக் குடியிருக்கின்றது. அவ்வமைதியைச் சுட்ட நம்மிடம் இன்னும் தக்க சொல் இல்லை.

அன்றாட வாழ்வில் அமைந்துகிடக்கும் அப்பகுதியை, காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்வைச் சார்ந்த இரண்டு எழுத்துப்பகுதிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரை. ஒன்று, 'சத்திய சோதனை'யில் வரும் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியின் வரலாறு. மற்றொன்று, நேட்டால் இந்தியக் காங்கிரசின் முதல் அறிக்கையில் டர்பன் நகரத்து அஞ்சலகத்தைப் பற்றி வரும் சிறு குறிப்பு. முன்னையதைத் தமிழர் பலரும் அறிவர். மேடைகளிலும் அது பலகால் எடுத்துரைக்கப்படுவது. பின்னையதை அறிந்தார் மிகச் சிலரே. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே கழிந்த காலமோ ஏறத்தாழ ஓராண்டு. இரண்டனையும் அருகருகே வைத்துக் கற்றாலன்றி இரண்டனுள் ஒன்றும் முழுமையாக விளங்காது என்பதே எம் கருத்து.

முதற்கண் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்றும் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளரைக் கொணர்ந்த முதற்கப்பல் அதுவே. அதில் வந்தோருள்ளும் அதன்பின் வந்தோருள்ளும் தமிழர் மிகப் பலர். அந்நாட்டில் அவர்களுக்கு இடப்பட்ட பொதுப்பெயர் 'கூலி' என்பது. தமிழில் கூலி என்பது உழைப்பிற்குப் பெறும் பயன். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் உடல் வருந்த முயன்றதற்குக் கிட்டும் பயனை இச்சொல்லாலேயே சுட்டுகின்றார். ஆண்டு அது பெருமைக்குரிய சொல்லாகவே நிற்கின்றது. அதனைப் பெறும் ஆளைக் குறிக்கக் கூலியாள், கூலிக்காரர் என மற்றோர் உறுப்பையும் தமிழ் வேண்டுகின்றது. ஐரோப்பியர் வழக்கு அவ்வுறுப்பை நீக்கிவிட்டு, ஊதியத்தின் பெயரையே ஆளுக்கு இட்டது. குசராத்தின் கோலி என்னும் குடிப்பெயரினின்றும் அவ்வழக்குப் பிறந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழரை அச்சொல்லால் அழைத்தபோது தமிழர் செவியில் விழுந்தது தமிழ்ச்சொல்லே.

இதனை ஆகுபெயர் என்று கூறி அமைந்துவிடலாமோ எனின், அமையாது. ஒரு பொருளின் இயற்பெயர் அதனொடு தொடர்புடைய பிறிதொன்றற்கு ஆகிவருவதே ஆகுபெயர். ஊர் என்பது ஊரில் உள்ளாரைக் குறிக்கும். ஊரொடு அவர்க்குள்ள தொடர்பு அங்கு அறவில்லை. நேட்டாலில் நடந்ததோ வேறு. எவரிடத்தும் கூலி பெறாத வணிகர் 'கூலி வணிகர்' ஆயினர். இலண்டனில் சட்டம் பயின்று வந்த காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' ஆயினார். கூலியொடு தொடர்பே இல்லாதார்க்கும் அப்பெயர் சென்று பொருந்திய அன்றே அது ஆகுபெயர் என்னும் நிலையினின்றும் நீங்கிப் பிறப்பைச் சுட்டும் பெயராயிற்று. ஒரு தொழிற்பெயரோ ஊதியப்பெயரோ இனப்பெயராக மாறுங்கால் அறுவது இப்பொருட்டொடர்பே.

மற்றொரு சொல் 'சாமி' என்பது. இராமசாமி, குப்புசாமி என்றாற்போலத் தமிழர் பெயர்களின் இறுதியில் அது பயின்று வருதலின், வெள்ளையர் இந்தியர் எவரையும் 'சாமி' என்று இகழ்ச்சிப் பொருளில் விளித்தனர். இதனைக் குறிக்கும் காந்தியடிகள், அறிவுத்திறம் வாய்ந்த இந்தியர் சிலர் சாமி என்பதற்குத் தலைவன் என்பதே பொருள் என்பதை எடுத்துக்காட்டி, நான் உமக்குத் தலைவன் அல்லேன் என விடையிறுத்ததாகக் கூறுகின்றார். கேட்ட வெள்ளையருள் சிலர் நாணினர். சிலர் சினந்து வைதனர். வாய்ப்புக் கிடைத்தவிடத்து அடிக்கவும் செய்தனர் என்பதையும் அவர் மறைத்திலர். சொற்பொருள் அறிவு ஒருவனுக்குத் தற்காப்பாகலாம். ஆயின் அடியினின்றும் அது காவாது.

இனிப் பாலசுந்தரம். அவன் வந்தது 1894-ஆம் ஆண்டில். காந்தியடிகள் வழக்குரைக்கத் தொடங்கி மூன்று நான்கு திங்களே ஆகியிருந்தன. கிழிந்த உடையும், உடைந்த முன்பற்களும், குருதி ஒழுகும் வாயுமாக, நடுங்கி அழுதுகொண்டு அத்தமிழன் அவர்முன் நின்றான். டர்பனில் பெயர்பெற்ற வெள்ளையர் ஒருவரிடம் அவன் ஒப்பந்தத் தொழிலாளி, அடித்தவர் அவரே. காந்தியடிகளின் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்த்து உதவினார். மருத்துவரின் சான்று பெறப்பட்டது. குற்றவியல் நடுவரிடம் முறையீடு செய்யப்பட்டது. முடிவில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறொரு தலைவருக்கு மாற்றப்பட்டது. விடுதலை கிட்டவில்லை, தலைவர் மாறினார், அவ்வளவே. நூலாசிரியர் இதனைப் பெருவெற்றி எனக் கூறிக்கொள்ளவும் இல்லை.

இவ்வரலாற்றைப் படிப்போர் உடைந்த பற்களையே நினைவில் கொள்கின்றனர். நூலாசிரியரோ, வழக்கின் போக்கைக் கூறி முடித்தபின்பும், வேறொன்றைக் கூறுவதற்காக மீண்டும் அம்முதற்காட்சிக்குத் திரும்புகின்றார். பாலசுந்தரம் தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தியவாறு உள்ளே வந்தான் என்பதே அது. வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளி தலையணியைக் களைந்தே செல்லல் வேண்டும். இரு கையாலும் வணங்குதல் போதாது. அவ்வழக்கத்தை இந்தியராகிய தம்மிடத்தும் அவன் கைக்கொண்டமை கண்டு, தாம் இழிவுற்றதாக உணர்ந்தார் என்று அவர் எழுதுகின்றார். துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார், அவன் தயங்கினான், பின் கட்டிக்கொண்டான், அவன் முகத்தில் மகிழ்ச்சி தோன்றக் கண்டார்.

இவ்விடத்து உற்றுநோக்கத் தக்கது, இழிவு உற்றவர் யார் என்பது. தலைப்பாகையைக் களைந்தவன் பாலசுந்தரம். வணக்கம் பெற்றவர் காந்தியடிகள். உலகியலில் வணக்கம் பெறுவார்க்கு அது பெருமை. இங்கோ பெற்றவரே நாணுகின்றார். தமக்கு உரியதன்று என்று அறிந்த ஒரு மதிப்பை ஏற்க மறுத்தல் என்னும் இச்செயலுக்குச் சட்டத்தின் துணையும் வேண்டா, கூட்டமும் வேண்டா, தீர்மானமும் வேண்டா. ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பல்லை உடைத்ததற்கு மருத்துவச் சான்று உண்டு. தலைப்பாகை களைந்ததற்கு எந்த நீதிமன்றம் சான்று கேட்கும்? சட்டம் எட்டாத அச்சிறிய இடத்தையே நூலாசிரியர் தம் வரலாற்றின் முடிவாகக் கொண்டார். 'சத்திய சோதனை'யின் உரைநடைச் சிறப்பிற்கு இப்பகுதியை மேற்கோளாகக் காட்டுவோர் இம்முறைவைப்பைக் கருதியதாகத் தெரியவில்லை.

இதனொடு மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1893-இல் டர்பன் வந்த சில நாட்களில் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கும்படி பணிக்கப்பட்டபோது மறுத்து வெளியேறியவர் காந்தியடிகள். மறு ஆண்டு, வழக்குரைஞராக உறுதிமொழி எடுத்தபின் தலைமை நீதிபதி அவ்வாறே கூற, இணங்கி எடுத்தவரும் அவரே. பெரிய போராட்டங்களுக்காக வலிமையைச் சேமித்ததாக அவ்விணக்கத்திற்குக் காரணம் கூறுவர். தாம் நீதிமன்றத்தில் எடுத்துவிட்ட தலைப்பாகையைப் பாலசுந்தரம் தம் அறையில் எடுக்க வேண்டா என்றார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அக்காட்சி மேலும் சிக்கலுடையதாகின்றது. அதனால் அதன் சிறப்புக் குறைவதும் இல்லை.

இனி அஞ்சலகம். நேட்டால் இந்தியக் காங்கிரசு 1894-இல் தோன்றியது. அதன் செயலர் காந்தியடிகள். 1895-இல் அவர் எழுதிய முதல் அறிக்கையில் அவ்வமைப்பு ஆற்றிய பணிகள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று டர்பன் அஞ்சலகத்தின் வாயில் பற்றியது. அங்கு இரண்டு வாயில்கள் இருந்தன: ஒன்று ஐரோப்பியர்க்கு, மற்றொன்று ஆப்பிரிக்கராகிய மண்ணின் மக்களுக்கும் ஆசியர்க்கும். ஆப்பிரிக்கரொடு ஒரே வாயிலில் நுழையவேண்டியிருந்ததை இந்தியர் இழிவாகக் கருதினர். அதிகாரிகளுக்கு எழுதப்பட்டது. பயனாக மூன்று வாயில்கள் ஏற்பட்டன. அறிக்கை இதனைப் பணிகளுள் ஒன்றாகக் கூறி, மேலே செல்கின்றது.

அவ்வறிக்கையின் நடையில் வசைச்சொல் இல்லை; சினமும் இல்லை. அலுவல்முறை எழுத்துக்குரிய ஒழுங்கு மட்டுமே உண்டு. வெறி என்னும் சொல் இத்தகைய உரைக்குச் சிறிதும் பொருந்தாது என்று தொடக்கத்தில் கூறியது இதுபற்றியே. பாலசுந்தரத்திற்கு 'சத்திய சோதனை'யில் ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு, தயக்கமும் மகிழ்ச்சியும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அரசுப் பதிவேடு எண்ணிட்டு வைத்த நாட்டில் அவனுக்கு ஒரு நூல் பெயர் தந்தது. இரண்டாம் வாயிலின் வழியே அஞ்சல் முத்திரை வாங்கச் சென்ற ஆப்பிரிக்கர்க்கோ அறிக்கையில் முகம் இல்லை. அவர் யாரோடு நிற்றல் கூடாது என்று வேண்டப்பட்டதோ அப்பொருளாகவே நிற்கின்றார். பாலசுந்தரத்தின்முன் தமக்கு உரியதல்லாத மதிப்பை ஏற்க நாணியவர், ஏறத்தாழ ஓராண்டிற்குள், மற்றொரு மக்களினின்றும் பிரித்துத் தரப்பட்ட மதிப்பைத் தம் அமைப்பின் பணியாகக் குறித்து வைத்தார். முன்னதில் இழிவைச் செய்த வழக்கமே மறுக்கப்பட்டது. பின்னதில் அவ்வழக்கம் அவ்வாறே இருக்க, அதனுள் நம்மவர்க்கு ஒரு படி மேலான இடம் கேட்கப்பட்டது.

இதுபற்றி ஆய்வாளர் இருதிறத்தராய் நிற்கின்றனர். இராமச்சந்திர குகா 2013-இல் வெளியிட்ட நூலில், இளமையில் தாம் கொண்டிருந்த இனக்கருத்துக்களைக் காந்தியடிகள் படிப்படியாகக் கடந்தார் என்னும் கொள்கையினர். அசுவின் தேசாய், கூலம் வாகித் என்னும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் இருவரும் 2015-இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்கரை விலக்கிவைத்த அரசியல் அவர் அந்நாட்டில் வாழ்ந்த காலம் முழுதும் தொடர்ந்தது என வாதிடுகின்றனர். கானா நாட்டில் இலேகான் பல்கலைக்கழக வளாகத்தில் 2016-இல் நிறுவப்பட்ட காந்தியடிகளின் சிலை, பேராசிரியரும் மாணவரும் எதிர்த்தமையால், 2018 திசம்பரில் அகற்றப்பட்டது. அவரைக் குற்றத்தினின்றும் விடுவித்தலோ தண்டித்தலோ எம் நோக்கமன்று. பெரியோர் ஒருவரின் புகழ் பற்றிய வழக்காக இதனைக் குறுக்கிவிடுவதால் நமக்கு ஓர் எளிமை கிடைக்கின்றது; அவ்வாயிலில் மகிழ்ந்து நுழைந்த பெயரறியா இந்தியரையும், அவருள் தமிழரையும் நாம் மறந்துவிடலாம். காந்தியடிகள் தம் கருத்தை மட்டும் எழுதவில்லை. தம் மக்களின் கருத்தையும் எழுதினார்.

அவரே பிற்காலத்தில் வேறுவகையாகவும் எழுதினார். 1920-களில் எரவாடாச் சிறையில் எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் சூலு மக்களை வருணிக்கும் பகுதி ஒன்றுண்டு. வெண்ணிறமும் கூரிய மூக்குமே அழகு என்னும் நம் எண்ணத்தை மூடநம்பிக்கை எனக் கூறி, அதனைச் சிறிது விலக்கி நோக்கின் படைத்தவன் சூலுவின் வடிவில் குறை ஒன்றும் வைத்திலன் என்பது தெரியும் என்று அங்கு அவர் எழுதுகின்றார். வருணனை அழகியது, எனினும் உடலழகைப் புகழ்ந்ததனால் உரிமை பேசியதாகாது என்று அதனைக் குறைகூறவும் இடமுண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. இங்குத் திருத்தப்படுவது காணப்படுவாரின் நிறம் அன்று, காண்பாரின் கண். அஞ்சலக அறிக்கை எழுதிய கையினின்றும் இது பிறந்தது என்பதை நினைவிற்கொள்ளல் தகும்.

இப்பகுதியைத் தமிழ் மாணவர் படிக்குங்கால் சங்க இலக்கியத்தின் மாமை நினைவிற்கு வாராதிராது. மாந்தளிரின் நிறமாகிய அதனைத் தலைவியின் பேரழகாகப் புலவர் போற்றினர். பிரிவால் அது கெட்டுப் பசலை பாய்தலையே துன்பமாகக் கூறினர். இன்று மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் 'மாநிறம்' என்பது சிவந்த நிறம் இல்லாமைக்குச் சொல்லும் சமாதானம்போல் வருகின்றது. ஒரே சொற்குடும்பம் பாராட்டிலிருந்து பொறுத்தருள வேண்டுதலுக்கு இறங்கிய இவ்வரலாற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும். இங்கு அதனை விரித்தல் பொருந்தாது.

நாம் மேற்கொண்ட சொல்லாராய்ச்சியின் மறுபக்கம் இனித்தான் வருகின்றது. தமிழர்க்குக் 'கூலி' என்று பெயரிட்ட உலகம் ஆப்பிரிக்கர்க்கு இட்ட பெயர் வேறொன்று. நம்பிக்கையற்றோர் எனப் பொருள்படும் அரபுச்சொல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வணிகர் நாவில் மக்கட்பெயராகிப் போர்த்துக்கீசியர் வாயிலாகத் தமிழுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் அது காப்பிரி, ஈழத்தில் காப்பிலி. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலங்கைக்குக் கொணர்ந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் அப்பெயரைத் தம் பெயராகவே கொண்டுள்ளனர். தென்னாப்பிரிக்காவிலோ அது வாயாற் கூறவும் ஆகாத இழிசொல். 2018 மார்ச்சுத் திங்களில் ஆப்பிரிக்கக் காவலரை நோக்கி அதனைப் பலமுறை கூறிய ஒருவர்க்கு அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. ஓரிடத்துத் தற்சுட்டுப் பெயர்; மற்றோரிடத்துக் குற்றம். ஆதலின் சொல்லின் பிறப்பை ஆராய்ந்து அதன் நன்மை தீமையைத் துணிதல் இயலாது. யார், யாரை, எவ்விடத்து அழைக்கின்றார் என்பதே துணிபொருள்.

1983-க்குப்பின் ஈழத்தினின்றும் புலம்பெயர்ந்த தமிழர் டொராண்டோவிலும் இலண்டனிலும் கறுப்பின மக்களின் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கின்றனர். தம் இனப்பெயர் காரணமாக வீடிழந்து சென்ற அம்மக்களுள் பலருடைய இல்லங்களில் அண்டை வீட்டார் 'காப்பிலி' என்றும் 'கறுவல்' என்றும் தமிழிலேயே சுட்டப்படுகின்றனர். அவர்க்கு விளங்காது என்னும் துணிவு அதற்குண்டு. பகைமையால் அன்று, பழக்கத்தால் என்று கூறுவர், உண்மையும் அதுவே. டர்பன் அஞ்சலகத்திலும் பகைமை இருந்ததாகத் தெரியவில்லை. மலையகத் தமிழரை யாழ்ப்பாணத்தார் சிலர் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்ததும் இதனை ஒத்ததே. கூலி என்னும் பெயரின் இழிவு ஈண்டுத் தமிழரிடையேயே பங்கிடப்பட்டது.

இதனை இடக்கரடக்கல் என்னும் பழைய வழியால் தீர்க்கலாம் என்பார்க்கு ஒன்று கூறவேண்டும். அவையிற் கூறத்தகாததை மறைத்து வேறொரு வாய்பாட்டாற் கூறுக என்பது இலக்கண நூலார் விதி. அவ்விதி காப்பது சொல்லுவாரின் நாகரிகத்தையும் கேட்பாரின் செவியையும்; சுட்டப்படுவாரை அது கருதவில்லை. வெளியில் 'ஆப்பிரிக்கர்' என்றும் வீட்டிற்குள் 'காப்பிலி' என்றும் கூறுவார் இடக்கரடக்கலை வழுவாது போற்றுவாரே ஆவர். சுட்டப்படுவார் அவ்விடத்து இல்லாதபோதும் அவரை இருப்பவராக எண்ணிப் பேசுதல் என்பது இலக்கணத்தில் இன்னும் எழுதப்படாத ஒரு விதி. வீட்டிற் பிள்ளை அச்சொல்லைக் கூறுங்கால் பெரியவர் அவ்விடத்தே மறுத்துரைத்தல் அதன் எளிய நிலை. பாலசுந்தரத்திடம் துண்டைக் கட்டிக்கொள்க என்ற வாக்கியத்தினும் அது நீண்டதன்று.

தவறினால் நேர்வது யாதெனவும் அறிவோம். 1949 சனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் இடையே நிகழ்ந்த கலகத்தில் 142 பேர் மாண்டனர். காந்தியடிகள் 1904-இல் நிறுவிய பீனிக்சுக் குடியிருப்பை அடுத்து, நிறவொதுக்கல் அரசு 1970-களில் இந்தியர்க்கென அமைத்த பீனிக்சு நகர்ப்பகுதியில், 2021 சூலைக் கலவரத்தில் 36 பேர் கொல்லப்பட்டனர்; அவருள் மிகப்பெரும்பாலார் ஆப்பிரிக்கர். நிலமும் வேலையும் அரசின் சட்டங்களும் இவற்றிற்குக் காரணங்கள். சொல்லே காரணம் என்பது பேதைமை. எனினும் தனித்தனி வாயில்களின் வழியே ஒரு நூற்றாண்டாக நுழைந்த மக்கள், ஆபத்துக்காலத்தில் ஒருவரையொருவர் அறியாதாராய் நின்றனர் என்பதை மறுத்தலும் இயலாது.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் உரிய பணி இரண்டு. முதலாவது மொழிபெயர்ப்பைப் பற்றியது. காந்தியடிகளின் தொடக்ககால எழுத்துக்களில் வரும் அவ்விழிசொல்லை 'ஆப்பிரிக்கர்' என்று பெயர்த்தால் மூலம் கழுவப்படுகின்றது. 'காப்பிரி' என்று பெயர்த்தால் சொல் மீண்டும் உயிர்பெறுகின்றது. மூலத்தில் உள்ளவாறே வைத்து, அடிக்குறிப்பில் அதன் வரலாற்றைக் கூறுதலே நேர்மை என்பது எம் துணிபு. 1895-ஆம் ஆண்டின் நேட்டாலைக் கற்கும் மாணவர் அந்நாட்டின் சொற்களையும் கற்றே ஆகவேண்டும். 'நீக்ரோ' என்று இடைநிலையாகப் பெயர்ப்பது இரண்டினும் தாழ்ந்த வழி; மூலத்திற்கும் உண்மையன்று, இன்றைய வழக்கிற்கும் ஏற்றதன்று.

இரண்டாவது அகராதியைப் பற்றியது. காப்பிரி, காப்பிலி என்னும் சொற்களை நீக்கிவிடுதல் அகராதியின் கடமைக்கு மாறானது. சிறாம்பியடி மக்களின் பெயரையும் அதனால் நீக்கியவராவோம். 'ஆப்பிரிக்கர்' எனப் பொருள் மட்டும் கூறி விடுதலும் தகாது. அகராதியைக் கொண்டு தமிழ் கற்கும் பிள்ளை அதனைப் பொதுப்பெயர் எனவே கொள்ளும். அரபு, போர்த்துக்கீசிய மூலம். இலங்கையில் ஒரு சிறுபான்மை மக்களின் தற்சுட்டுப் பெயர். பிறர் கூற்றில் இழிவழக்கு. தென்னாப்பிரிக்காவில் குற்றமாகக் கொள்ளப்படுவது என நான்கு குறிப்பும் அப்பதிவில் நிற்றல் வேண்டும். 'கூலி' என்னும் சொல்லுக்கும் அவ்வாறே, ஊதியம் என்னும் பொருளை அடுத்து, அயல்நாடுகளில் இந்தியரைப் பழித்துக் கூறிய பெயர் என்னும் பொருளையும் நேட்டால் வழக்கொடு சேர்த்தல் வேண்டும். இவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று நோக்குமாறு, ஒவ்வொன்றன் இறுதியிலும் மற்றையதன் பெயரைக் 'காண்க' எனக் குறித்தல் நன்று.